பெண்காப்புச் சட்டமும் பொய்ம்முறையீட்டு அச்சமும்

1. தோற்றுவாய்

சென்னையினின்றும் தெற்கே செல்லும் பெருவழியில், தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த பாடலாத்திரி நரசிங்கர் கோயிலால் அவ்வூர் இப்பெயர் பெற்றது. இறைவன் திருவுருவம் குன்றோடு ஒன்றியிருத்தலின், அவனை வலம்வர விழைவார் குன்று முழுவதையும் வலம்வருதல் ஆண்டு மரபு. பழைமை சான்ற இவ்வூர் இன்று தொழில்வளம் மிக்க நிலப்பகுதியின் நடுவண் உள்ளது. வடக்கே மறைமலைநகர்த் தொழிற்கூடங்களும், தெற்கே பரனூரில் 2002இல் தோன்றிய மகிந்திரா உலக நகரும், மேற்கே ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் இதனைச் சூழ்ந்துள்ளன. வைகறையிலும் நள்ளிரவிலும் முறைவேலைக்குச் சென்று மீளும் மகளிர் பலரைப் புகைவண்டி நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் நாம் காண்கின்றோம்.

இம்மகளிருள் ஒருத்தியின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்பின், எத்துணைச் சட்டங்கள் அவளைச் சூழ நிற்கின்றன என்பது புலனாகும். பேருந்தில் அவளைக் காப்பது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். பணியிடத்தில் காப்பது 2013ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம். இல்லத்தில் காப்பன 1961, 1983, 2005ஆம் ஆண்டுகளின் சட்டங்கள். அவள்தன் இளமகளைக் காப்பது 2012ஆம் ஆண்டின் சட்டம். இவை குறித்து நாட்டில் இருவேறு முறையீடுகள் ஒருங்கே எழுகின்றன. சட்டம் பலவாயினும் பெண் காக்கப்படவில்லை என்பது ஒன்று. சட்டமே கருவியாகக் குற்றமற்றாரும் அவர்தம் முதிய பெற்றோரும் அலைக்கழிக்கப்படுகின்றனர் என்பது மற்றொன்று.

பின்னையது அண்மைக் காலத்தே தோன்றிய புதுக்குறை என்றே பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று என்பதும், பெண்காப்புச் சட்டம் ஒவ்வொன்றும் தோன்றிய பொழுதே பொய்ம்முறையீட்டு அச்சமும் உடன்தோன்றியது என்பதும், அவ்வச்சம் தணித்தற்பொருட்டு ஒவ்வொரு சட்டத்தினுள்ளும் ஏதேனும் ஒரு தடை அமைக்கப்பெற்றது என்பதும் நம் கருத்தாகும். அத்தடைகளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. அவை எந்நிலையில் வைக்கப்பெற்றன, எத்தகைய பயன் விளைத்தன என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. பண்டைச் சான்றுகள்

இலக்கியச் செய்தியை நீதிமன்ற ஆவணமாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் ஒரு காலத்து மக்கள் எதனை முறை எனக் கருதினர் என்பதற்கு இலக்கியம் சான்றாதல் கூடும். அவ்வளவிற்கே அதனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

தொல்காப்பியக் கற்பியல், களவொழுக்கத்தில் பொய்ம்மையும் குற்றமும் புகுந்த பின்னரே சான்றோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்று கூறும். கூடியபின் கூடிற்றிலேன் என மறுக்கும் ஆடவனிடமிருந்து பெண்ணைக் காத்தற்கு எழுந்த ஏற்பாடாகவே உரையாளர் அதனை விளக்குவர். ஆண்டுப் பொய் என்பது பெண்ணின் பொய்யன்று என்பது கருதத்தக்கது.

இதற்கு இயைந்த எடுத்துக்காட்டு அகநானூற்று 256ஆம் பாட்டில் உள்ளது. கள்ளூரில் இளமகள் ஒருத்தியின் நலம் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் எனச் சூளுரைத்தான். அவ்வூர் அவையத்தார் சான்று கூறுவாரை வினவி உண்மை தெளிந்தனர். பின்னரே அவனை மரக்கிளையிற் பிணித்து, தலையில் நீறு பெய்து ஒறுத்தனர். இச்செய்தியில் நாம் கருதற்பாலன மூன்று. பெண்ணின் முறையீடு தடையின்றி அவையை அடைந்தது. மறுத்த ஆடவன் சொல்லும் கேட்கப்பட்டது. சான்று ஆராய்ந்த பின்னரே தண்டம் நிகழ்ந்தது. மருதத்திணைப் பாட்டாகிய அதில், ஊரில் எழுந்த அலர்க்கு உவமையாகவே அவையின் ஆரவாரம் கூறப்படுகின்றது. அவையின் முடிபும் ஊரின் அலரும் ஒலியால் ஒக்கினும் தன்மையால் வேறாம்.

அவ்வேறுபாட்டை மணிமேகலைச் சிறைசெய் காதை தெளிவுறுத்தும். மருதி என்பாள் காவிரித் துறையில் அரசிளங்குமரனால் இடர்ப்பட்டுச் சதுக்கப்பூதத்தின்முன் முறையிட்டாள். அவன்தந்தை ககந்தனே மகனை ஒறுத்தான். அக்காதையிலேயே விசாகை என்பாள், குற்றம் ஏதுமின்றித் தருமதத்தனோடு இணைத்து ஊர் தூற்றிய அலர்க்கு ஆளானாள். முன்னையவள் செய்தி உண்மை முறையீடு. பின்னையவள் செய்தி பொய்ப்பழி. இவ்விரண்டனையும் சாத்தனார் ஒரே காதையில் வைத்தமை கருதத்தக்கது. உண்மைக்குறை கேளாது விடப்படுதலும் பொய்ப்பழி ஆராயாது ஏற்கப்படுதலும் முறைகேட்டின் இருபாற் பட்டன என்பது இதனால் போதரும்.

இலக்கியம் விடுத்துக் கல்வெட்டிற்கு வருவோம். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில் கி.பி. 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர் பல மொழிப் பிரிவினரும் கூடி, இனிக் கன்னிகாதானமாகவே மணம் நிகழ்த்துவதென உடன்பட்ட செய்தியை அது கூறும். பொன் பெற்றுப் பெண்ணைக் கொடுப்பாரும், பொன் கொடுத்துப் பெண்ணைக் கொள்வாரும் அரச தண்டத்திற்கும் குல விலக்கிற்கும் உரியர் என்பது அதன் முடிபு. இது பெண்வீட்டார் பெறும் பரிசப்பொன்னைத் தடுத்ததேயன்றி, மணமகன் வீட்டார் பெறும் வரதட்சிணையைத் தடுத்ததன்று. ஆயினும், கொடுப்பாரையும் கொள்வாரையும் ஒருங்கே குற்றவாளியாக்கும் முறை இதன்கண் உள்ளது. இருவரும் குற்றவாளியாயின் முறையிடுவார் எவர் என்னும் வினா அன்றே எழுதற்குரியது. அவ்வினா ஐந்நூறாண்டிற்கும் மேற்பட்ட காலம் கழித்து மீண்டும் எழுந்தமையைப் பின்னர்க் காண்போம்.

3. ஆங்கிலேயர் காலச் சட்டங்களும் முன்தடைகளும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பத்து அகவைக்குக் கீழ்ப்பட்ட மனைவியோடு கூடுதலைக் கற்பழிப்புக் குற்றம் என வகுத்தது. 1889இல் கல்கத்தாவில் பத்தகவை கடந்த சிறுமனைவி ஒருத்தி கணவனால் இறந்துபட்டாள். அகவை வரம்பு கடந்தமையால் அவனைக் கற்பழிப்புக் குற்றத்தின்கீழ் ஒறுத்தல் இயலாதாயிற்று. இதன் விளைவாக 1891இல் அகவை வரம்பு பன்னிரண்டாக உயர்த்தப்பெற்றது. திலகர் உள்ளிட்ட பலர் அதனை எதிர்த்தனர். சமய வாழ்வில் அயலாட்சி தலையிடலாகாது என்பது அவர்தம் முதற் காரணம். பகைவர் பொய்க்குற்றம் சாட்டுவர், காவலர் படுக்கையறை புகுவர், குடும்ப மானம் அழியும் என்பன அந்நாளில் உடன்கூறப்பெற்ற காரணங்கள்.

அரசு சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சத்தையும் ஒருவாறு ஏற்றது. கணவன்மேல் வரும் இக்குற்றச்சாட்டை மாவட்ட நடுவரோ மாநிலத் தலைநகரின் தலைமை நடுவரோ அன்றிப் பிறர் ஏற்றல் ஆகாது என்றும், ஆய்வாளர் நிலைக்குக் கீழ்ப்பட்ட காவலர் புலனாய்வில் ஈடுபடல் ஆகாது என்றும் விதித்தது. இவ்விதி 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 561ஆம் பிரிவாக நின்றது. சிற்றூர்ப் பெண்ணொருத்திக்கு மாவட்டத் தலைநகரின் நடுவர் எத்துணைத் தொலைவினர் என்பதை எண்ணின், இத்தடையின் விளைவு விளங்கும். முறையீட்டின் உண்மையை ஆராய்தற்கு முன்னரே, முறையீடு எழாதவாறு தடுப்பதனை நாம் ‘முன்தடை’ எனக் குறிப்போம்.

1929ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் சிறப்புடையது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில், சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்களுக்கு ஆண்களோடொத்த சொத்துரிமை வேண்டும், பதினாறு அகவைக்கு மேலேயே பெண்ணை மணஞ்செய்தல் வேண்டும், மனம் ஒவ்வாதார் பிரிதற்கு உரிமை வேண்டும் என்பன அம்மாநாட்டுத் தீர்மானங்களுட் சில. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அம்மாநாடு தண்டத்தை மட்டும் வேண்டவில்லை. பெண் தன்காலில் நிற்றற்கு வேண்டும் உரிமையையும் வேண்டிற்று. சொத்தும் பிரிவுரிமையும் உடையவள் குற்றவியல் நீதிமன்றத்தையே ஒரே புகலாகக் கொள்ள வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பிறப்பால் சொத்துரிமை அளித்த திருத்தம் 1989 மார்ச்சு 25ஆம் நாள் முதலாகச் செயற்பட்டது. இந்திய நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானத்திற்கும் தமிழ்நாட்டுத் திருத்தத்திற்கும் இடையே கழிந்தவை அறுபது ஆண்டுகள்.

அதே 1929இல் சாரதா சட்டம் எனப்படும் குழந்தை மணத் தடைச்சட்டம் நிறைவேறி, 1930 ஏப்பிரல் முதல்நாள் செயற்படலாயிற்று. பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் அகவை வரம்பாயின. இச்சட்டத்தின் தடைகள் முன்னையவற்றினும் வெளிப்படையானவை. மணம் நிகழ்ந்து ஓராண்டு கழிந்தபின் முறையிடல் இயலாது. அன்றியும், முறையிடுவான் நூறு உரூபாய்க்கு மேற்படாத பிணையுறுதி எழுதித் தருதல் வேண்டும். முறையீடு பொய்யெனின் இழப்பீடு அதனின்றும் பெறப்படும். நூறு உரூபாய் அந்நாளில் எளியோர்க்குப் பெரும்பொருள். குழந்தை மணத்தைத் தடுக்கப் புகுந்த அயலான் ஒருவன், தன் கைப்பொருளைப் பணையம் வைத்தே அறம் செய்தல் வேண்டும் என்றாயிற்று. இப்பிணையுறுதி விதி பின்னர் நீக்கப்பெற்றது.

4. வரதட்சிணைத் தடை: 1961 முதல் 1986 வரை

விடுதலை பெற்ற இந்தியாவில் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் முதன்முறையாகக் கூட்டமர்வு கூடியது வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்பொருட்டே. 1961 மே திங்களில் நிகழ்ந்த அக்கூட்டத்தின் விளைவாகிய சட்டம் அவ்வாண்டு சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்தது. கொடுத்தல், வாங்கல் இரண்டும் குற்றமாயின. ஆறு திங்கள் சிறை, ஐயாயிரம் உரூபாய் ஒறுப்பு என்பன மேல்வரம்பு.

இச்சட்டத்திலும் முன்தடைகள் மூன்று இருந்தன. காவலர் தாமே கைது செய்தல் இயலாது. ஓராண்டிற்குள் முறையிடல் வேண்டும். வரதட்சிணை கேட்டல் என்னும் குற்றத்திற்கு வழக்குத் தொடர மாநில அரசின் முன்னிசைவு வேண்டும். இவற்றோடு விரிஞ்சிபுரத்தில் நாம் கண்ட பழைய இடர்ப்பாடும் சேர்ந்தது. கொடுத்தவரும் குற்றவாளியாதலின், மகளின் தந்தை வாய் திறப்பின் தாமும் கூண்டில் நிற்க நேரும். பொய் வழக்கு எழாமைக்கு இத்துணைக் காவலும் போதியனவாயின. மெய் வழக்கும் எழாமைக்கு அவையே காரணமாயின. சட்டம் ஏட்டளவில் நின்றது என்பதை 1982இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் எடுத்துரைத்தது.

இதற்குள் இளமனைவியர் அடுப்புத் தீயில் மாண்டனர் என்னும் செய்திகள் நாடெங்கும் பெருகின. மகளிர் அமைப்புகள் தெருவில் இறங்கின. அதன் பயனாக 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்ந்தது. கணவனோ அவன் சுற்றத்தாரோ இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என அது விதித்தது. தற்கொலைக்குத் தூண்டத்தக்க நடத்தையும், பொருள் கேட்டுத் துன்புறுத்தலும் கொடுமை என வரையறுக்கப்பெற்றன. 1986இல் வரதட்சிணை மரணம் எனும் 304ஆ பிரிவு வந்தது. மணமான ஏழாண்டிற்குள் இயல்பல்லாத முறையில் பெண் இறப்பின், இறப்பிற்குச் சற்றுமுன் வரதட்சிணைக் கொடுமை நிகழ்ந்தமை காட்டப்பெறின், குற்றம் கணவன் முதலியோர் மேலது என அனுமானிக்கப்படும். 1961ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பெற்றுத் தண்டம் ஐந்தாண்டாக உயர்ந்தது. பாதிக்கப்பட்டார் கூறும் கூற்று அவர்க்கே எதிரான வழக்கிற்கு அடிப்படையாகாது எனும் காப்பும் சேர்ந்தது. ஐந்நூறாண்டு கடந்த வினாவிற்கு விடை இவ்வாறு கிடைத்தது.

ஆயின், முன்தடைகளை நீக்கிய வேகத்தில் வேறொன்று நிகழ்ந்தது. 498அ பிரிவின்கீழ்க் காவலர் நடுவரின் ஆணையின்றியே கைது செய்யலாம். பிணை உரிமையாகக் கிடையாது. இருவரும் இசைந்தாலும் வழக்கை முடித்துக்கொள்ள இயலாது. அஃதாவது, முறையீட்டிற்கும் கைதிற்கும் இடையே ஆராய்ச்சிக்குரிய இடம் சுருங்கிற்று. கள்ளூர் அவையம் சான்று வினவிய பின்னர் ஒறுத்தது. ஈண்டோ வினவுதற்கு முன்னரே கைது ஒறுத்தலாக நின்றது. பிற்கால அச்சத்தின் வேர் இதுவே.

5. அச்சத்தின் மறுவடிவமும் நீதிமன்ற முடிபுகளும்

2005இல் உச்சநீதிமன்றம் 498அ பிரிவு அரசமைப்பிற்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், தவறாகப் பயன்படுத்துவார் கையில் இது கொடிய படைக்கலமாகும் என்றும் கவலை தெரிவித்தது. ஒரு சட்டம் தவறாகப் பயன்படல் கூடும் என்பதனால் மட்டும் அது செல்லாததாகாது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. முன்னரே 2003இல் ஆந்திரம் நீதிமன்ற இசைவோடு இவ்வழக்கை இணங்கி முடிக்கலாம் எனத் திருத்தம் செய்திருந்தது. 2012இல் சட்ட ஆணையம் தன் 243ஆம் அறிக்கையில், குற்றம் பிணை மறுக்கத்தக்கதாகவே நிற்க, நீதிமன்ற இசைவோடு இணங்கி முடித்தற்கு வழி செய்யலாம் எனப் பரிந்துரைத்தது.

2014 சூலை 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். ஏழாண்டு வரை தண்டம் உடைய குற்றங்களில் காவலர் இயந்திரம்போற் கைது செய்யலாகாது. கைதின் இன்றியமையாமையைக் காரணம் காட்டி எழுதுதல் வேண்டும். நடுவரும் அக்காரணத்தை ஆராயாது சிறைக்காவல் நீட்டித்தல் ஆகாது என அது பணித்தது. இத்தீர்ப்பு முறையீட்டைத் தடுக்கவில்லை; முறையீடு பதிவாகும், புலனாய்வு நடைபெறும், கைது மட்டும் காரணத்தை வேண்டி நிற்கும்.

2017 சூலையில் வந்த தீர்ப்பு வேறு நெறியிற் சென்றது. மாவட்டந்தோறும் குடும்பநலக் குழு அமைத்தல் வேண்டும், அக்குழுவின் அறிக்கை வரும்வரை கைது ஆகாது என்றது. நீதிமன்றமும் காவல் துறையும் அல்லாத ஒரு குழு இடையே புகுந்தமையை மகளிர் அமைப்புகள் எதிர்த்தன. 2018 செப்டம்பர் 14ஆம் நாள் மூவர் ஆயம் அக்குழுக்களைச் சட்ட நெறிக்குப் புறம்பானவை எனக் கூறி விலக்கிற்று. எனினும் 2025 சூலையில், அலகாபாத்து உயர்நீதிமன்றம் 2022இல் வகுத்த இருதிங்கட் பொறுப்புக்காலமும் குடும்பநலக் குழுவும் பற்றிய நெறிகளை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரே தடை எட்டாண்டுகளுக்குள் இட்டும் நீக்கியும் மீள இட்டும் வந்தமை, இவ்வினா இன்னும் தீர்வுறவில்லை என்பதற்குச் சான்று.

2024 சூலை முதல்நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபொழுது, 498அ பிரிவின் பொருள் 85, 86ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. அவ்வாண்டு திசம்பரில் உச்சநீதிமன்றம், கணவன் சுற்றத்தார் அனைவரையும் பொதுப்படக் குற்றஞ்சாட்டி இழுத்தல் ஆகாது எனக் கடிந்தது; உடன், கொடுமைக்கு ஆளான பெண் வாய்மூடி இருத்தல் வேண்டும் என்பது தன் கருத்தன்று எனவும் தெளிவுபடுத்திற்று.

6. எண்கள் கூறுவன

பொய் வழக்கு மிகுதி என்பார் பெரிதும் எண்களையே சான்றாகக் காட்டுவர். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு எடுத்தாண்ட தேசியக் குற்ற ஆவணக் கணக்கின்படி, 2012இல் 498அ பிரிவின்கீழ்க் கைதானோர் 1,97,762 பேர். அவருள் பெண்டிர் 47,951 பேர். குற்றப்பத்திரிகை அளிக்கப்பெற்றவை நூற்றுக்கு 93.6, தண்டனையில் முடிந்தவை நூற்றுக்கு 15, விசாரணையில் நிலுவையில் இருந்தவை 3,72,706.

நூற்றுக்கு 15 எனின் எஞ்சிய 85 பொய்யோ? அன்று. மெய்ப்பிக்கப்படாமை வேறு, பொய்யாதல் வேறு. இணங்கி முடித்தற்குச் சட்டம் இடந்தராமையின், கணவனோடு உடன்பட்ட மனைவி நீதிமன்றத்தில் தன் முன்கூற்றை மறுத்தலே வழக்கை முடிக்கும் வழியாயிற்று. சான்றாளர் பிறழ்தலும், ஆண்டுகள் கடந்தபின் ஆவணம் மறைதலும் இதனோடு சேரும். ஆதலின் விடுதலை எண்ணிக்கையைப் பொய்யின் அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தாது. அதுபோல, குற்றப்பத்திரிகை எண்ணிக்கையை மெய்யின் அளவுகோலாகக் கொள்ளலும் பொருந்தாது. அது காவலரின் எழுதுகோலையே காட்டும்.

ஆயின் ஓர் எண்ணை எவரும் புறக்கணித்தல் இயலாது. கைதானோருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் பெண். மாமியாரும் நாத்தூணாருமாகிய இவருள் குற்றமுடையாரும் இருப்பர். அயலூரில் வாழ்ந்து பெயரளவில் சேர்க்கப்பட்டாரும் இருப்பர். பெண்காப்புச் சட்டம் பெண்ணையே ஆராயாது சிறைக்கு அனுப்பின் அது தன் நோக்கத்திற்கே முரணாம்.

மறுதலையாக வேறு சில எண்களும் உள. அதே 2012இல் நாட்டில் பதிவான வரதட்சிணை மரணங்கள் 8,233. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 அகவை வரையுள்ள மணமான மகளிருள் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29, தமிழ்நாட்டில் 38. வன்முறைக்கு ஆளான மகளிருள் பிறர் உதவி நாடினோர் நாட்டளவில் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினால்வரே. முறையிட்டார் சிலருள் பொய்யர் எத்துணையர் என்னும் வினாவினும், முறையிடாதார் பலர் எவர் என்னும் வினா பெரிது என்பதை இவ்வெண்கள் காட்டும்.

7. பொதுவிடமும் பணியிடமும்

1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி தெருவில் ஆடவர் சிலரின் வன்செயலால் உயிர்நீத்தாள். அதனையடுத்துத் தமிழ்நாடு பெண்களைக் கேலிவதை செய்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று. 2002இல் அது பெண்கள் வன்கொடுமைத் தடைச்சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. குற்றம் செய்தவனோடு அமையாது, கல்விநிலையம், கோயில், திரையரங்கு, பேருந்து முதலியவற்றின் பொறுப்பாளர்க்கும் அச்சட்டம் கடமை விதித்தது. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியமையும் முறையீட்டின் வாயிலை அகலத் திறந்த செயலாகும்.

பணியிடத்தைப் பொறுத்தவரை, 1997இல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிகள் 2013இல் சட்டமாயின. பதின்மரும் அவர்க்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடந்தோறும் உள்ளகக் குழு வேண்டும். இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு நம் ஆய்விற்கு மிக வேண்டற்பாலது. தீய உள்நோக்கோடு பொய்யாக முறையிட்டார்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என அது கூறும்; உடன், முறையீட்டை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே பொய்க்குச் சான்றாகாது, உள்நோக்கம் தனியே விசாரித்து நிறுவப்படல் வேண்டும் என்றும் கூறும். 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமும் பொய்ம்முறையீட்டிற்குத் தண்டம் விதிக்கும். ஆயின் குழந்தை கூறியதன்பொருட்டுக் குழந்தையைத் தண்டிக்காது. 1929இல் வாயிலில் வாங்கிய பிணையுறுதி, ஏறத்தாழ எண்பதாண்டிற்குப்பின் விசாரணையின் முடிவிற்குச் சென்று சேர்ந்தமையை இதனால் அறியலாம்.

2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறோர் இடர்ப்பாடும் உளது. பதினெட்டு அகவைக்குக் கீழ்ப்பட்டார் இசைவு இசைவாகாது. ஒத்த அகவையினர் காதலித்து ஊர்விட்டு நீங்கியவிடத்துப் பெற்றோர் தரும் முறையீட்டால் இளைஞன் கடுந்தண்டத்திற்கு ஆளாகின்றான். சென்னை உயர்நீதிமன்றம் 2019இலும் 2021இலும் இதனைச் சுட்டிச் சட்டத் திருத்தம் வேண்டுமெனக் கருத்துரைத்தது. ஈண்டுச் சட்டத்தைப் பிறழப் பயன்படுத்துவார் பெண்ணல்லர். பெண்ணின் விருப்பை ஏலாத குடும்பத்தார். பொய்ம்முறையீடு என்றதும் பெண்ணையே எண்ணும் வழக்கம் எத்துணைக் குறையுடையது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

8. முடிபு

இதுகாறும் கண்டவற்றால் பொய்ம்முறையீட்டிற்கு எதிரான தடைகள் மூவகையின என்பது பெறப்படும். முறையீடு எழாமற் செய்யும் முன்தடை ஒன்று. முறையீட்டிற்கும் கைதிற்கும் இடையே ஆராய்ச்சி வேண்டும் இடைக்காப்பு ஒன்று. பொய்யென நிறுவியபின் ஒறுக்கும் பின்தண்டம் ஒன்று. 1891, 1929, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் முன்தடையை நம்பின. அதன் பயனாக மெய்யும் பொய்யும் ஒருங்கே மறைந்தன. 1983ஆம் ஆண்டுச் சட்டம் முன்தடையை நீக்கிற்று. ஆயின் இடைக்காப்பை அமைக்க மறந்தது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு அக்குறையை நிறைத்தது. 2017இல் தோன்றி 2025இல் மீண்ட குழுமுறை, முறையீட்டைப் பதிவு செய்ய இடந்தரினும், அதன்மேற் செயலைத் தாழ்த்துதலின் முன்தடைக்கே அணித்தாகும் என்பது நம் கருத்து. இருதிங்கட் பொறுப்புக்காலம் இருவர் மனம் ஆறுதற்கு உதவும் என்பார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின் அவ்விருதிங்களும் அடிபடும் பெண்ணும் அவ்வீட்டிலேயே இருத்தல் கூடும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் உறைவிட உரிமையும் காப்பாணையும் உடனடியாகக் கிடைக்குமாயின் அன்றிப் பொறுப்புக்காலம் ஒருவர்க்கே பொறுப்பாய் முடியும்.

இடைக்காப்பும் சான்றாய்வும் குற்றஞ்சாட்டப்பட்டார்க்கு மட்டும் உரிய நலம் என எண்ணுதல் தவறு. சென்னைப் புறநகரில் 2017இல் சிறுமி ஒருத்தி கொலையுண்ட வழக்கில் செங்கற்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம், சான்றுத் தொடர் முற்றுப்பெறவில்லை, தற்காப்பிற்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை எனக் கண்டு குற்றஞ்சாட்டப்பட்டவனை விடுவித்தது. அச்சிறுமியின் பெற்றோர்க்கு எட்டாண்டின் முடிவில் விடையில்லை. ஆராய்ச்சியின் குறை இருபாலாரையும் ஒருங்கே தோல்வியுறச் செய்யும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டா.

ஆகவே, சட்டம் மெல்லிதாதல் வேண்டுமா வலிதாதல் வேண்டுமா என வினவுதல் பயனற்றது. முறையிடும் வாயில் அகன்றிருத்தல் வேண்டும். வாயிலுக்கு உள்ளே ஆராய்ச்சி நுண்ணிதாதல் வேண்டும். கைது காரணத்தோடும் தண்டம் சான்றோடும் நிகழ்தல் வேண்டும். இவற்றோடு, 1929இல் செங்கற்பட்டில் கூடியோர் வேண்டிய சொத்தும் தொழிலும் பிரிவுரிமையும் பெண்ணுக்கு உண்மையில் கைவருதல் வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இரவு வண்டியினின்றும் இறங்கும் பெண்ணுக்குத் தன் ஊதியம் தன் கையில் இருப்பின், குற்றவியல் நீதிமன்றம் அவள் நாடும் புகல்களுள் ஒன்றாகுமேயன்றி ஒரே புகலாகாது. அந்நிலையில் பொய்ம்முறையீட்டிற்குரிய காரணமும் குறையும்; மெய்ம்முறையீட்டிற்குரிய துணிவும் பெருகும்.